அத்தியாயம் 6: பின் ஆக்சில் – பழையதில் எதை எடுப்பது, ஏன் எடுப்பது

1928 முதல் 1948 வரை ஃபோர்டு கார்களில் வந்த பின் ஆக்சிலை ஹாட் ராட் கட்டுபவர்கள் ‘பாஞ்சோ’ என்பார்கள். நடுவில் உருண்டையான ஹவுசிங், அதன் இருபுறமும் புனல் போல அகலமாகத் தொடங்கி ஒடுங்கிப்போகும் குழல்கள். பாஞ்சோ வாத்தியத்தின் வட்ட முகத்தை நினைவூட்டுவதால் அந்தப் பெயர். 1930களிலும் 40களிலும் தெற்குக் கலிஃபோர்னியாவில் உருவான ஹாட் ராட்களில் பெரும்பாலானவை இந்த ஆக்சிலின் மேல்தான் ஓடின. அந்தக் காலத்துப் பாணியில் ஒரு வண்டி கட்ட நினைப்பவரும், யாரோ கட்டியதை வாங்க நினைப்பவரும் அன்றைய பையன்கள் ஏன் இதையே தேடிப்போனார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது ரொம்ப வலுவானது, அதனால்தான் என்று சொல்பவர்கள் உண்டு. நம்ப வேண்டாம். 1950களில் பெரிய எஞ்சினும் பிடிப்பான டயரும் வந்தவுடன் பாஞ்சோக்கள் வரிசையாக உடைந்தன. அதற்கு முன்னால் அது தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பாதி ஆக்சிலிலும் பாதி டயரிலும் இருந்தது. ஆளுக்கு ஆள் விரும்பி எடுத்ததற்கான காரணமோ வேறு: அது எங்கும் கிடைத்தது, ஒரு வருடத்து உருப்படி இன்னொரு வருடத்து வண்டியில் பொருந்தியது, எது எங்கே உடையும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பழைய உருப்படியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த மூன்றும் வலுவைவிட முக்கியம் என்பது என் கட்சி.

காயலான் கடைக் கணக்கு

மாடல் டி ஃபோர்டு ஒன்றரைக் கோடி தயாரானது. அதை அடுத்து வந்த மாடல் ஏ நான்கே ஆண்டுகளில், 1928 முதல் 1931 வரையிலான காலத்தில், 48 லட்சத்தைத் தாண்டியது. 1932இல் வி-8 எஞ்சின் வந்தபிறகு அதுவும் லட்சக்கணக்கில் விற்றது. லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றியிருந்த காயலான் கடைகளில் இந்த மூன்று தலைமுறை வண்டிகளும் குவிந்துகிடந்தன. மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வாரக்கடைசியில் வேகம் பார்க்கப் போன பையன்களிடம் பணம் இல்லை, நேரம் இருந்தது. 1937இல் அவர்களுடைய கிளப்புகள் சேர்ந்து தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனைத் தொடங்கியபோது, களத்தில் நின்றவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு வண்டிகள்.

மாடல் டியின் சொந்த ஆக்சிலை மட்டும் அவர்கள் கழற்றிப் போட்டார்கள். 20 குதிரைத்திறன் எஞ்சினுக்காகச் செய்த ஆக்சில் அது. உள்ளே பக்கத் தள்ளலைத் தாங்கியவை பேபிட் என்ற மெல்லிய உலோக வாஷர்கள். அவை தேய்ந்து நொறுங்கினால் கிரவுன் வீல் நகர்ந்து பினியனை விட்டு விலகிவிடும். அதைவிட மோசம், டியின் கால் பிரேக் கியர்பாக்ஸுக்குள் இருந்தது. பிரேக்கின் பிடி ஆக்சில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போயாக வேண்டும். ஆக்சிலில் எது விட்டுப்போனாலும் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். டி பாடியை இன்றும் எத்தனையோ பேர் ஆசையாக எடுக்கிறார்கள். எடுங்கள், ஆனால் கீழே ஏவோ வி-8ஓ ஆக்சிலைப் போடுங்கள்.

பொருத்தம் என்பது எப்படிப் பொருந்தியது?

ஃபோர்டு பிடிவாதக்காரர். மற்ற கம்பெனிகள் பின்பக்கம் இரண்டு நீளவாக்குக் கமான்பட்டைகளுக்கு மாறிய பிறகும், ஹென்றி ஃபோர்டு குறுக்குவாக்கில் ஒரே கமான்பட்டையை 1948 வரை விடவில்லை. புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் திறந்துவிடாமல் ஒரு குழலுக்குள் வைத்தார். டார்க் டியூப் எனப்படும் அந்தக் குழல் ஆக்சிலோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டு, முன்னால் கியர்பாக்ஸின் பின்முனையில் ஒரு பந்து மூட்டில் போய் உட்காரும். ஆக்சில் வண்டியைத் தள்ளுவது அந்தக் குழல் வழியாகத்தான். ஆக்சிலின் இரு ஓரங்களிலிருந்தும் சாய்வாக வந்து குழலைப் பிடிக்கும் ரேடியஸ் ராடுகள், ஆக்சில் கோணாமல் பார்த்துக்கொள்ளும்.

காலத்துக்கு ஒவ்வாத இந்தப் பிடிவாதம் ஹாட் ராட் பையன்களுக்கு வரமாக அமைந்தது. இருபது வருடத்து வண்டிகளில் அடிப்படை அமைப்பு மாறவே இல்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், குழல், ஆக்சில் எல்லாம் ஒரே குடும்பம். யாரும் சஸ்பென்ஷன் வரைபடம் போட வேண்டியதில்லை, ஜாயிண்ட்டின் கோணம் கணக்குப் பண்ண வேண்டியதில்லை.

சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகள் அமையும் வட்டம் மாடல் ஏயிலும் 1932 முதல் 1935 வரையிலும் ஐந்தரை அங்குலம். 1936 முதல் 1939 வரை ஃபோர்டு ‘வைட் ஃபைவ்’ என்ற மிக அகலமான வட்டத்துக்குப் போனது. 1940இல் மறுபடி ஐந்தரைக்கே திரும்பியது. இதற்கிடையில் 1939இல்தான் கம்பி இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக் போய் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. 1940 முதல் 1948 வரையிலான பின் டிரம்களை எல்லாரும் தேடியதற்கு இதுதான் காரணம்: 12 அங்குல டிரம், ஹைட்ராலிக் பிரேக், அதோடு பழைய சக்கரங்களே மாட்டக்கூடிய வட்டம். 1932 வண்டியில் 1940 பிரேக் என்பது அந்தக் காலத்தின் பொது இலக்கணம். இன்றும் அதுவே சரியான தேர்வு.

ஒன்று கவனிக்க வேண்டும். ‘பொருந்தும்’ என்றால் அப்படியே மாட்டலாம் என்று அர்த்தமில்லை. மாடல் ஏயின் முன்-பின் சக்கர இடைவெளி 103.5 அங்குலம், 1932க்கு 106, 1933 முதல் 112. பின்னாள் ஆக்சிலை ஏ சட்டத்துக்குக் கொண்டுவந்தால் குழல், உள்ளிருக்கும் ஷாஃப்ட், ரேடியஸ் ராடு மூன்றையும் வெட்டிக் குட்டையாக்க வேண்டும். குழலை வெட்டி வெல்டிங் வைப்பதை நல்ல பட்டறையில் கொடுங்கள். கோணலாக வெல்டிங் வைத்த குழல், ஷாஃப்ட் பேரிங்கைக் கொஞ்ச நாளில் தின்றுவிடும். 1942க்குப் பிந்திய ஆக்சில்கள் அகலமும் கூடியவை. ஏ வண்டியின் ஒல்லியான உடம்புக்கு வெளியே சக்கரம் துருத்திக்கொண்டு நிற்கும். பார்க்கவும் சகிக்காது.

உள்ளே பார்ப்போம்

பாஞ்சோவில் கிரவுன் வீலும் பினியனும் ஸ்பைரல் பெவல் வகை. பினியனின் நடுக்கோடு கிரவுன் வீலின் நடுக்கோட்டை நேராகச் சந்திக்கும். பற்கள் ஒன்றின்மேல் ஒன்று அதிகம் வழுக்காமல் உருள்வதால் உராய்வு குறைவு, சூடும் குறைவு. சில மைல் ஓட்டத்தில் வேகம் பார்க்கும் ஏரிப் படுகைக்கு இது நல்லது.

சக்கரத்தின் பாரத்தை யார் தாங்குகிறார்கள் என்பதிலும் ஃபோர்டின் அமைப்பு புத்திசாலித்தனமானது. ஹப் பேரிங் ஹவுசிங் நுனியின் வெளிப்புறத்தில் உட்கார்ந்திருக்கும். வண்டியின் எடை முழுவதும் ஹவுசிங்கின் மேல் போகும். உள்ளே சுழலும் ஆக்சில் ஷாஃப்ட்டுக்கு முறுக்கும் வேலையும், சக்கரத்தை நேராகப் பிடித்துவைக்கும் வேலையும் மட்டுமே. இதை முக்கால் மிதவை அமைப்பு என்பார்கள். அதனால்தான் அவ்வளவு மெல்லிய ஷாஃப்ட் அத்தனை நாள் உழைத்தது.

பலவீனம் ஷாஃப்ட்டின் வெளி நுனியில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாஞ்சோவில் பாதி தெரிந்த மாதிரி. அந்த நுனி கூம்பாகச் சரிவாகக் கடையப்பட்டிருக்கும். அதில் நீளவாக்கில் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒரு சதுரச் சாவி. ஹப்பின் உட்புறமும் அதே சரிவில் இருக்கும். ஒரு பெரிய நட்டு ஹப்பைக் கூம்பின்மேல் இறுக்கி அழுத்தும். நட்டு கழலாமல் குறுக்கே ஸ்பிளிட் பின். சுழற்றும் வேலையைச் சாவி செய்கிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் கூம்பும் ஹப்பும் ஒன்றையொன்று கவ்வும் இறுக்கம்தான் அதைச் செய்ய வேண்டும். நட்டு லூஸானால் பாரம் முழுவதும் சாவியின் மேல் விழும். ஒவ்வொரு முறை கிளட்ச் விடும்போதும் பள்ளத்தின் விளிம்பில் அடி விழும். விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும். ஒருநாள் ஷாஃப்ட் அங்கேயே முறியும். சக்கரத்தைப் பிடித்திருப்பது அந்த நட்டு மட்டும்தான் என்பதால், முறிந்தால் டிரம்மோடு சக்கரம் தனியாகக் கழன்று போகும். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழலாமல் பிடித்துவைக்கும் ‘சேஃப்டி ஹப்’புகளைப் பந்தயக்காரர்கள் தேடி வாங்கியது வீண் பயத்தால் அல்ல.

இன்னொரு தொல்லை, ரேஷியோ மாற்றுவது. டிஃபரன்ஷியலின் பக்கப் பல்சக்கரம் ஷாஃப்ட்டோடு ஒரே துண்டாகச் செய்யப்பட்டது. ஆகவே ஷாஃப்ட்டை வெளியிலிருந்து உருவ முடியாது. கிரவுன்-பினியனை மாற்ற வேண்டுமானால் ஆக்சில் முழுவதையும் வண்டியிலிருந்து இறக்கி, குழல்களைக் கழற்றி, ஹவுசிங்கைப் பிளக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒருநாள் வேலை.

எந்த ரேஷியோ?

பாஞ்சோவில் அதிகம் கிடைப்பவை மூன்று: 9-க்கு 37 பல் கொண்ட 4.11, 9-க்கு 34 பல் கொண்ட 3.78, 11-க்கு 39 பல் கொண்ட 3.54. வேகக் கணக்கு எளிது. எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றை டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) பெருக்கி, ரேஷியோவையும் 336ஐயும் பெருக்கி வருவதால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 28 அங்குல டயர், 4,500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 4.11இல் 91 மைல், 3.78இல் 99, 3.54இல் 106. ஏரிப் படுகையில் நூறைத் தொட நினைத்தவன் ஏன் 3.54ஐத் தேடினான் என்பது இதில் தெரியும். காகிதத்தில் வரும் வேகத்தை எஞ்சின் தள்ளிக்கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்டாக் 85 குதிரைத்திறன் ஃபிளாட்ஹெட் வி-8 எஞ்சினோடு 3.54 போட்டுவிட்டு மூன்றாம் கியரில் வண்டி இழுக்கவில்லை என்று புலம்புவதில் பயன் இல்லை. ஊர் ரோட்டுக்கு 3.78 போதும்.

ஹவுசிங்கைப் பிளக்காமல் இரண்டு ரேஷியோவும் வேண்டும் என்றவர்களுக்குக் கொலம்பியா ஆக்சில் இருந்தது. ஓஹையோவின் கிளீவ்லாந்து நகரில் செய்யப்பட்டு, ஃபோர்டு விற்பனையாளர்கள் வழியாகவே விற்றது. உள்ளே ஒரு பிளானட்டரி கியர் அமைப்பு. எஞ்சினின் வாக்குவத்தால் அது மாறும். மாற்றியதும் எஞ்சின் சுற்று ஏறத்தாழ 28 சதவீதம் குறையும். 3.78 ரேஷியோவில் 60 மைல் வேகத்தில் 2,720 சுற்று ஓடும் எஞ்சின், கொலம்பியா விழுந்ததும் 1,960இல் அமைதியாக ஓடும். நெடுந்தூரம் ஓட்டும் வண்டிக்கு இதைவிட நல்ல பழைய உருப்படி கிடையாது. கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் பாரம் ஏற்றியபடி முரட்டுத்தனமாக மாற்றுவதற்கு அது பிறக்கவில்லை. விலையும் இன்று தலைசுற்ற வைக்கும்.

போருக்குப் பிறகு வந்தது குவிக்-சேஞ்ச். கல்வர் சிட்டியில் பட்டறை வைத்திருந்த டெட் ஹாலிபிராண்ட் பந்தயக் கார்களுக்கு மக்னீசியம் சக்கரம் செய்து பேர் வாங்கியவர். அவர் ஃபோர்டின் குழல்களையும் ஷாஃப்ட்டுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, நடு ஹவுசிங்குக்கு மட்டும் மாற்று கொடுத்தார். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சுழற்சி பினியனுக்கு நேராகப் போகாமல் கீழ்வழியாகப் பின்பக்கம் போகும். அங்கே இரண்டு நேர்ப்பல் சக்கரங்கள் அதை மேலே ஏற்றி, முன்னோக்கித் திருப்பிப் பினியனுக்குக் கொடுக்கும். ரேஷியோ மாற்ற, பின்மூடியைக் கழற்றி அந்த இரண்டு சக்கரங்களை உருவி வேறு ஜோடி போட்டால் போதும். 22, 25 பற்கள் கொண்ட ஜோடி ஒன்றை 4.11 கிரவுன்-பினியனோடு போட்டால் 4.67, அதே ஜோடியை மேல்கீழாக இடம் மாற்றினால் 3.62. வெள்ளிக்கிழமை கடைத்தெருவுக்கு ஒன்று, ஞாயிறு ஏரிக்கு ஒன்று. பிளந்து சேர்ப்பதற்கு ஒருநாள் ஆன வேலை, எண்ணெய் வடிய ஒரு தட்டு வைத்தால் சில நிமிடத்தில் முடிந்தது. அந்த நேர்ப்பல் சக்கரங்கள் ஓடும்போது ‘ஊ...’ என்று ஊளையிடும். அந்தச் சத்தத்துக்காகவே இன்றும் சிலர் போடுகிறார்கள். அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஆனால் குவிக்-சேஞ்ச் போட்டுவிட்டதால் ஆக்சில் பலப்பட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். வெளி நுனியின் கூம்பும் சாவியும் அதே ஃபோர்டு கூம்பும் சாவியும்தான்.

பாஞ்சோ எப்போது தோற்றது?

1940களின் டயர்கள் ஒல்லியானவை, கெட்டியான ரப்பர். மிதித்தால் வழுக்கும். வழுக்கிய டயர் ஆக்சிலுக்கு ஃபியூஸ் மாதிரி: பாரம் எல்லை மீறுவதற்குள் பிடியை விட்டுவிடும். வேண்டாததைக் கழற்றி லேசாக்கிய ரோட்ஸ்டரும் கனமில்லை. ஏரிப் படுகையில் வண்டியைத் தள்ளிக் கிளப்பி மைல்கணக்கில் ஓட்டி வேகம் ஏற்றினார்கள். நின்ற இடத்திலிருந்து பாயவில்லை.

1950இல் சான்டா ஆனா விமான ஓடுதளத்தில் பணம் வாங்கி நடத்திய டிராக் ரேஸ் தொடங்கியதும் எல்லாம் மாறியது. நின்ற இடத்திலிருந்து முழு மிதி. அதே பத்தாண்டில் மென்மையான ரப்பரில், வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான ஸ்லிக் டயர்கள் வந்தன. 1949இல் வந்த ஓல்ட்ஸ்மொபீல், காடிலாக் ஓவர்ஹெட் வால்வு வி-8 எஞ்சின்கள் ஃபிளாட்ஹெட்டை ஓரங்கட்டின. ஃபியூஸ் போனது, மின்சாரம் கூடியது. முறிந்தவை கூம்புகள், நொறுங்கியவை டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள். ஃபோர்டே 1949இல் குழலை விட்டுவிட்டுத் திறந்த புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கும் நீளவாக்குக் கமான்பட்டைக்கும் மாறியது. இருபது வருடப் பொருத்தம் அத்தோடு அறுந்தது.

சற்றுக் காலம் 1957 முதல் 1964 வரையிலான ஓல்ட்ஸ்மொபீல்-போன்டியாக் ஆக்சில்களைப் பந்தயக்காரர்கள் தேடினார்கள், 9.3 அங்குல கிரவுன் வீல், கனமான ஹவுசிங். கடைசியில் வென்றது ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்சில். 1957இல் வந்து 1986 வரை தயாரானது. பினியன் கிரவுன் வீலின் நடுவைவிட இரண்டேகால் அங்குலம் தாழ்ந்து சேரும் ஹைபாயிட் வகை. பல் பிடிப்பு நீளம், உராய்வும் கூட. பினியனின் உள்நுனியையும் ஒரு பேரிங் தாங்குவதால் பாரத்தில் அது விலகாது. முக்கியமானது, கிரவுன்-பினியன் முழுவதும் முன்பக்கமாக ஒரே கட்டாகக் கழன்று வரும். மேசைமேல் வைத்து செட் பண்ணலாம். இரண்டு ரேஷியோவில் இரண்டு கட்டு வைத்துக்கொண்டு மாற்றிப் போடலாம். பிக்கப் முதல் பெரிய செடான் வரை போட்டதால் காயலான் கடையில் கொட்டிக் கிடந்தது. பாஞ்சோவை எடுத்த அதே காரணங்களுக்காகத்தான் அடுத்த தலைமுறை ஒன்பது அங்குலத்தை எடுத்தது. இந்த முறை கூடவே வலுவும் வந்தது.

வாங்கும்போது

உங்கள் எஞ்சின் ஃபிளாட்ஹெட், டயர் பழைய பாணி ஒல்லி டயர் என்றால் பாஞ்சோவைத் தைரியமாகப் போடுங்கள். காலத்துக்கும் சரி, பாரத்துக்கும் சரி. 200 குதிரைத்திறனுக்கு மேல் போகும் புதிய வி-8, அகலமான டயர் என்றால் ஒன்பது அங்குலம்தான். பார்வைக்காகப் பாஞ்சோவை வைத்துக்கொண்டு பெரிய எஞ்சினை மிதிப்பதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

பாஞ்சோ வாங்கப் போகும்போது புல்லர் ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். ஹப்பைக் கழற்றச் சிலர் ஷாஃப்ட் நுனியில் ஒரு தொப்பியை முறுக்கிச் சம்மட்டியால் அடிப்பார்கள். அடி நேராக டிஃபரன்ஷியலுக்குள் போய் இறங்கும். விற்பவர் அப்படி அடிக்கத் தொடங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஹப் வந்ததும் கூம்பை மண்ணெண்ணெயில் துடைத்து விரலை ஓட்டிப் பாருங்கள். சாவிப் பள்ளத்தின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், மழுங்கியிருந்தால் அந்த ஷாஃப்ட் லூஸாக ஓடியிருக்கிறது. பள்ளத்தின் மூலையில் விரிசல் சோதனைக்கான சாயத்தைத் தடவிப் பார்ப்பது உத்தமம். கூம்பில் பிரஷ்யன் நீலம் தடவி ஹப்பைப் போட்டு எடுத்தால், எவ்வளவு பரப்பு ஒட்டுகிறது என்று தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாக வந்தால் ஹப்பை மாற்றுங்கள்.

ரேஷியோவை விற்பவர் வாயால் கேட்டு நம்ப வேண்டாம். ஆக்சில் கழற்றிக் கிடந்தால், ஒரு பக்க டிரம்மை அசையாமல் பிடித்து மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. நாலுக்குக் கொஞ்சம் மேலே வந்தால் 4.11, மூன்றே முக்கால் என்றால் 3.78, மூன்றரை என்றால் 3.54.

மாட்டி முடித்ததும் நட்டை நீளமான கைப்பிடியால் உடம்பு எடை முழுவதையும் கொடுத்து இறுக்குங்கள். பின் போட ஓட்டை நேராக வரவில்லை என்றால் மேலும் இறுக்கிக் கொண்டுவாருங்கள், பின்னுக்கு ஏற்ப லூஸாக்க வேண்டாம். சில மைல் ஓட்டிவிட்டு வந்து ஸ்பிளிட் பின்னைக் கழற்றி மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். ஹப் கூம்பில் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். எண்ணெய் விஷயத்தில் பாஞ்சோவுக்கு 140 கிரேடு சாதா கியர் ஆயில், ஒன்பது அங்குலத்துக்குக் கண்டிப்பாக ஹைபாயிட் ஆயில். இரண்டையும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டாம்.